கழுத்து நீண்ட ஆப்பிரிக்கன் வயலட்டுக்குப் புது வேர்

கழுத்து நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டி விளிம்பில் இலைகளைப் போட்டுக்கொண்டு கிடந்த ஓர் ஆப்பிரிக்கன் வயலட்டை (வீட்டுக்குள் வளர்க்கும் சிறு பூச்செடி) வெட்டி, புதிதாக வேர் பிடிக்க வைத்த வேலையின் பதிவு இது. அதோடு, கழித்த இலைகளிலிருந்து கன்று எடுத்தது, திரித் தொட்டிக்கு மாற்றியது, பூக்கும்வரை வெளிச்சத்தைச் சரிசெய்தது எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். "இது ரொம்ப நோஞ்சான் செடி, வீட்டில் நிற்காது" என்று பலரும் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேருக்குக் காற்று கிடைக்கும்படி வைத்தால் வருடத்தில் பெரும்பகுதி பூவோடு நிற்கிற செடி இது.

செடி ஒரு நண்பரிடமிருந்து வந்தது. பல வருடங்களாக அதே தொட்டி. அடியிலிருந்த இலைகள் பழுத்து உதிர உதிர, குருத்து மேலே மேலே ஏறி, விரல் நீளத்துக்கு வெறும் பழுப்புத் தண்டு மட்டும் நின்றது. அதன் உச்சியில் சின்னதாக ஓர் இலைவட்டம். இந்த மொட்டைத் தண்டைத்தான் கழுத்து என்று சொல்வது. இது நோய் இல்லை. எல்லா வயலட்டுக்கும் வயதாக ஆக இப்படித்தான் ஆகும். புது இலை நடுவில் வரும், பழைய இலை வெளியே போகும், இடையில் தண்டு நீளும். ஆனால் அப்படியே விட்டால் தலைப்பாரம் தாங்காமல் செடி சாயும். புது வேர் விடவேண்டிய தண்டும் காற்றில் நின்று மரம்போல இறுகிப்போகும்.

முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியைப் பார்த்தேன். மேல்பகுதியில் நூல்போல வெள்ளை வேர்கள் இருந்தன. கீழ்ப் பாதி முழுக்கக் கரும்பழுப்பு. தொட்டால் தோல் மட்டும் கையோடு உரிந்து வந்தது, உள்ளே ஒரு மெல்லிய நரம்பு மிஞ்சியது. சேற்று வாடை வேறு. இது அழுகிய வேர். மேல்மண் ஈரமாக இருந்தும் இலைகள் துவண்டு தொங்கியதற்குக் காரணம் இதுதான். ஈர மண்ணில் வாடி நிற்கும் வயலட்டைப் பார்த்ததும் பலர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். மீதி வேரும் அதோடு போய்விடும். மண் காய்ந்து இலை துவண்டால் தண்ணீர் கொடுக்கலாம். மண் ஈரமாக இருந்து இலை துவண்டால் உடனே தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

வேர்க்கட்டியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். மண்கலவையில் காற்றிடைவெளிக்காகச் சேர்க்கும் பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல் துகள்) வெள்ளை, வேர் மாவுப்பூச்சியும் வெள்ளை. நகத்தால் அழுத்தினால் பெர்லைட் நறநறவென்று நொறுங்கும்; பூச்சி கொழகொழவென்று நசுங்கும். இந்தச் செடியில் இருந்தது வெறும் பெர்லைட்.

இதற்கு இருந்த தொட்டி, தேவையைவிட இரண்டு மடங்கு ஆழம். அது ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதற்கு இந்தச் செடியின் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தான்சானியா, கென்யாவின் கிழக்குப் பகுதி மலைகள், குறிப்பாக உசாம்பரா மலைத்தொடர். அங்கே மரநிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில், விரற்கடை அளவு மட்கிய மண்ணில் இது வளர்கிறது. மழைத் தண்ணீர் பாறையில் வழிந்தோடிவிடும், தேங்காது. அதனால் இதன் வேர்கள் மெல்லியவை, மேலோட்டமாகவே பரவுபவை. ஆழத் தொட்டியில் வேர் எட்டாத அடிமண் ஈரம் உலராமல் கிடக்கும், காற்று போகாது, அழுகல் அங்கிருந்துதான் மேலே ஏறும். 1892-இல் அப்போதைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இல்லேர், இந்தச் செடியை ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். மறு வருடம் ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற தாவரவியலாளர் அதற்கு செயின்ட்பாலியா என்று பெயர் சூட்டினார். அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான கலப்பு ரகங்கள் எல்லாவற்றுக்கும் இன்றுவரை அதே பாறை இடுக்கு வேர்தான்.

கழுத்தை என்ன செய்வது என்பது அதன் நீளத்தைப் பொறுத்தது. 2, 3 சென்டிமீட்டர்தான் என்றால் எளிது. கழுத்து எவ்வளவு நீளமோ அதே அளவுக்கு வேர்க்கட்டியின் அடிப்பகுதியைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, செடியை அதே தொட்டியில் கீழே இறக்கி, கடைசி இலைக்காம்பு வரை புதுக் கலவை போட்டு மூடிவிடலாம். மூடிய தண்டிலிருந்து வேர் வரும். இந்தச் செடிக்கு அது ஒத்துவராது: கழுத்தும் நீளம், வேரும் பாதி போய்விட்டது. தலையை வெட்டி எடுத்து வேர் பிடிக்க வைப்பதுதான் வழி.

வெட்டுவதற்கு முன் பூக்கள், மொட்டுகள் எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிட்டேன். மனசு கேட்காதுதான், ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும். வேர் இல்லாத செடி பூவையும் தாங்க முடியாது. அடுத்து வெளிவட்ட இலைகள். இவற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது, தண்டின் தோலும் சேர்ந்து கிழியும். காம்பை அடியில் பிடித்து, தண்டைச் சுற்றிப் போகும் திசையில் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்' என்று சுத்தமாகக் கழன்று வரும். நடுக்குருத்தும் அதைச் சுற்றி இரண்டு வட்ட இலைகளும் மட்டும் மிச்சம். இலை குறைவாக இருந்தால் ஆவியாகிப் போகும் ஈரமும் குறையும்.

அப்புறம் கழுத்தைச் சுரண்டுவது. மொட்டைக் கத்தியின் முதுகால், மேலிருந்து கீழாக, அழுத்தாமல். பழுப்பு நிறத்தில் தக்கைபோல இருக்கும் மேல்தோல் செதிலாக உதிர்ந்து, அடியில் ஈரமான வெளிர்பச்சைத் தோல் தெரியும். பழைய காம்புகள் இருந்த தழும்புகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புடைப்புகளும் தெரியும், புது வேர் அங்கிருந்துதான் வரும். அவற்றைச் சுரண்டி எடுத்துவிடக் கூடாது. பச்சை தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

வெட்டுக்குப் புது பிளேடு, ஸ்பிரிட்டால் துடைத்தது. இலைவட்டத்துக்குக் கீழே 2 சென்டிமீட்டர் தண்டு இருக்கும்படி வெட்டினேன். இங்கே அவசரப்படாமல் வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். முழுவதும் வெளிர்பச்சையாக, இறுக்கமாக இருந்தால் சரி. நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே மேலே போகவேண்டும், ஒவ்வொரு முறையும் பிளேடைத் துடைத்துக்கொண்டு. எனக்கு முதல் வெட்டில் ஓரத்தில் ஒரு பழுப்புக் கீற்று தெரிந்தது. அதற்கு மேலே சீவியதும் சுத்தமான முகம் கிடைத்தது. குருத்துவரை பழுப்பு ஏறியிருந்தால் தலையை விட்டுவிட்டு, நல்ல இலைகளை மட்டும் பதியம் போடுவதே மேல். வெட்டிய தலையை ஒரு மணி நேரம் நிழலில் வைத்து முகம் உலர விட்டேன். வேர்விடும் ஹார்மோன் தூள் தொடுவோர் உண்டு. இந்தச் செடிக்கு அது இல்லாமலே வேர் வரும்.

மண்கலவையில் மண்ணே கிடையாது. பீட் (சதுப்புநிலப் பாசி மட்கு) அல்லது தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த, ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) ஒரு பங்கு. திரி வைத்து நீர் கொடுப்பதாக இருந்தால் பெர்லைட்டைக் கலவையில் பாதி அளவுக்கு உயர்த்திவிடுவேன், ஏனென்றால் கலவை எப்போதும் ஈரமாகவே இருக்கும், காற்றிடைவெளி கூடுதலாக வேண்டும். தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். கலவை சரியா என்று பார்க்க, நனைத்து ஒரு பிடி பிடித்துப் பிழிந்துவிட்டுக் கையை விரியுங்கள். தானாகப் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கட்டியாக நின்றால் இன்னும் பெர்லைட் வேண்டும். தோட்டத்து மண், தொழு உரம் இரண்டும் இதற்கு வேண்டாம். அவை இறுகும்; பூஞ்சையும் புழுவும் சேர்ந்து வரும்.

தொட்டி அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. இலைவட்டத்தின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குதான் தொட்டியின் வாய் இருக்கவேண்டும். 24 சென்டிமீட்டர் விரிந்த செடிக்கு 8 சென்டிமீட்டர் தொட்டி போதும். பார்க்கச் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் வேர் தொட்டியை நிறைத்தால்தான் இது நன்றாகப் பூக்கும்.

வெட்டிய தலையைச் சிறிய தொட்டியில், கீழ் இலைக்காம்புகள் கலவையைத் தொடும் அளவுக்கு நட்டேன். கலவை பிழிந்தெடுத்த ஈரத்தில் இருந்தது, மேலே தண்ணீர் ஊற்றவில்லை. முழுவதையும் பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, இலையில் பை படாமல் குச்சி கொடுத்து வாயைக் கட்டிவிட்டேன். நேர்வெயில் படாத வெளிச்சமான இடம். வெயில் பட்டால் பைக்குள் செடி வெந்துவிடும். முதல் சில நாட்கள் இலைகள் தளர்ந்துதான் இருக்கும், பார்த்துக் கலங்க வேண்டாம். வேர் பிடிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். நடுக்குருத்தில் பளிச்சென்று இளம்பச்சை தெரிவதுதான் அடையாளம். செடியை லேசாக அசைத்தால் பிடிமானம் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு பையை ஒரேயடியாக எடுக்காமல், முதலில் வாயைக் கொஞ்சம் திறந்து, அடுத்தடுத்த நாட்களில் அகலமாக்கி, கடைசியில் எடுத்தேன்.

இலைப் பதியம்

கழித்த இலைகளை வீணாக்கவில்லை. கடைசி வட்டத்து முற்றிய இலைகளைவிட அதற்கு உள்வட்டத்து இலைகள்தான் பதியத்துக்கு நல்லவை. காம்பை 2, 3 சென்டிமீட்டருக்குக் குறைத்து, 45 பாகை சாய்வாக, வெட்டு முகம் இலையின் மேல்பக்கம் பார்க்கும்படி வெட்டினேன். அப்படி வெட்டினால் கன்றுகள் இலையின் முன்பக்கம் வெளிச்சத்தை நோக்கி வரும், இலைக்கு அடியில் இருட்டில் முட்டிக்கொள்ளாது. இலையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டேன். இலை தான் பெரிதாவதை விட்டுவிட்டுக் கன்றுக்குச் சத்தைத் தரும், பக்கத்து இலைமேலும் சாயாது. சின்னக் கப்பில் அதே கலவை, காம்பு ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம், மேலே மூடி. தண்ணீரில் போட்டும் வேர் எடுக்கலாம். ஆனால் தண்ணீரில் வந்த வேர் கலவைக்கு மாறும்போது திணறும். நேராகக் கலவையில் வைப்பதே எனக்குப் பிடித்தது.

ஒரு மாதத்தில் வேர், இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு குட்டி இலைகள். ஓர் இலையிலிருந்து நான்கைந்து கன்றுகள்கூட வரும். கன்றின் இலை 2, 3 சென்டிமீட்டர் ஆனதும் கட்டியை உதிர்த்து, ஒவ்வொரு குருத்தையும் தனித்தனியாகப் பிரித்து நட்டேன். ஒரு தொட்டிக்கு ஒரு குருத்து என்பது முக்கியம். இரண்டு மூன்று சேர்ந்தால் இலைவட்டம் குலைந்து, பூவும் குறையும். வெள்ளை கலந்த இலை ரகங்களில் கன்று முழு வெள்ளையாகவே வரலாம். அதில் பச்சையம் இல்லை, தாய் இலையிலிருந்து பிரித்தால் பிழைக்காது. பச்சை எட்டிப்பார்க்கும்வரை தாயோடு விட்டுவிட வேண்டும். இதழின் நடுவில் பட்டைக்கோடு ஓடும் கைமேரா ரகங்கள் இன்னொரு விதிவிலக்கு: இலைப் பதியத்தில் பெரும்பாலும் அந்தக் கோடு வராது. பக்கக்கன்றிலிருந்தோ (இலைக் கக்கத்தில் முளைக்கும் கன்று) பூந்தண்டிலிருந்தோதான் அவற்றைப் பெருக்க வேண்டும்.

திரித் தொட்டி

வேர் பிடித்த தாய்ச்செடியைத் திரித் தொட்டிக்கு மாற்றினேன். தொட்டியின் அடித் துளை வழியாக ஒரு திரி, அதன் மறுமுனை கீழே இருக்கும் தண்ணீர் டப்பாவில். திரிக்கு நைலான் அல்லது அக்ரிலிக் நூல்தான். பருத்தி நூல் சில மாதங்களில் மக்கி அறுந்துவிடும், செடி காய்வதைப் பார்க்கும்வரை அது தெரியாது. திரியைத் தொட்டிக்குள் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, பாதி உயரத்துக்குக் கொண்டுவந்தேன். தொடக்கத்தில் திரியை நன்றாக நனைத்து, மேலேயிருந்து ஒரு முறை தண்ணீர் ஊற்றி கலவையையும் நனைத்தால்தான் உறிஞ்சல் தொடங்கும். டப்பாத் தண்ணீர் தொட்டியின் அடியைத் தொடவே கூடாது. இடையில் காற்று இருக்க வேண்டும். தண்ணீரில் தொட்டி உட்கார்ந்துவிட்டால் பழைய ஆழத் தொட்டியின் கதைதான் மறுபடியும். வெளிச்சம் புகும் டப்பாவில் பாசி பிடிக்கும், நிறமுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் இரவுகள் வரும்போது டப்பாவைக் காலி செய்துவிடுவேன். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் குடிக்காது, கலவை மட்டும் நனைந்துகொண்டே இருக்கும். 18 முதல் 26 டிகிரி வரை இதற்குச் சுகம்.

உரத்தை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிடுகிறேன், லிட்டருக்குக் கால் கிராம் அளவு, 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) போன்ற சமச்சீர் உரம், யூரியா இல்லாததாகப் பார்த்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் இந்த அளவு போதும். எவ்வளவு குறைத்தாலும் உப்பு கலவையில் சேரத்தான் செய்யும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகவோ ஆரஞ்சு நிறத்திலோ பொருக்கு தட்டினால் அதுதான். அந்த விளிம்பில் உரசும் காம்பு புண்ணாகி அழுகும். மாதம் ஒரு முறை மேலேயிருந்து வெறும் தண்ணீர் ஊற்றி, அடியில் வழியவிட்டுக் கழுவிவிடுகிறேன். குருத்தில் இளம் இலைகளின் நுனி துருப்பிடித்த நிறத்துக்கு மாறினாலும் உரம் மிஞ்சிவிட்டது என்றுதான் பொருள்.

இலையில் தண்ணீரே படக்கூடாது என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்தான் படக்கூடாது. இலையின் சூட்டைவிட எட்டு பத்து டிகிரி குறைவான தண்ணீர் பட்டால் மேல்தோலுக்கு அடியிலுள்ள செல்கள் சிதைந்து, வெளிர்மஞ்சள் வளையங்களாகத் தழும்பு விழும், அது ஆறாது. அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் இலையைத் தாராளமாகக் கழுவலாம். நடுக்குருத்தில் தேங்கும் தண்ணீரை மட்டும் பஞ்சாலோ துணி முனையாலோ ஒற்றி எடுத்து, உலரும்வரை வெளிச்சத்தில் வைக்காமல் இருந்தால் போதும். தூசிக்கு மெல்லிய தூரிகை, காம்பிலிருந்து நுனியை நோக்கி.

வெளிச்சத்தை இலையே சொல்லும். காம்பு நீண்டு, இலைகள் மேல்நோக்கிக் கை தூக்கினால் வெளிச்சம் போதவில்லை. இலைகள் கீழே வளைந்து தொட்டியை அணைத்துக்கொண்டு, நடு இலைகள் வெளிறி இறுகினால் வெளிச்சம் அதிகம். தட்டையாக விரிந்து நின்றால் சரி. என் செடி முதலில் கை தூக்கித்தான் நின்றது. எல்இடி குழல்விளக்கை இலைக்கு 30 சென்டிமீட்டர் மேலே இறக்கி, டைமர் போட்டு 12 மணி நேரம் எரியவிட்டதும், அதற்குப் பிறகு வந்த இலைகள் தட்டையாக வந்தன. தினமும் எட்டு மணி நேரமாவது இருட்டு கட்டாயம். ஜன்னலோரம் வளர்த்தால் காலை வெயில் மட்டும் படும் ஜன்னல் நல்லது, வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பிவிட வேண்டும்.

பூ, இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்திலிருந்து வருகிறது. புது இலை வந்தால்தான் புதுக் கக்கம், புதுப் பூ. அதனால் வயதான வெளிவட்ட இலைகளைக் கழிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. அதே கக்கத்தில் பக்கக்கன்றும் வரும், அதை உடனே கிள்ள வேண்டும். சிறிதாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூந்தண்டில் இரண்டே இரண்டு சின்ன இலை இருக்கும், நடுவில் மொட்டு. மூன்றாவது நான்காவது இலை தலைகாட்டினால் அது பக்கக்கன்று. அதுவரை பொறுத்திருந்து, பென்சில் முனையால் நெம்பி எடுக்கிறேன். வேர் பிடித்தபின் வந்த முதல் மொட்டுகளையும் எடுத்துவிட்டேன். செடி முழு வட்டம் கட்டியபின் விட்ட பூக்கொத்து, நண்பரிடம் இருந்தபோது பூத்ததைவிட நிறைவாக இருந்தது.

பூச்சிகளில் நான் உண்மையிலேயே பயப்படுவது சைக்ளமென் சிலந்திப்பேனுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாது. நடுக்குருத்து சாம்பல் பூத்து, ரோமம் அடர்ந்து, இறுகி, தொட்டால் முறிகிற மாதிரி ஆனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரணப் பூச்சிமருந்து கேட்காது, சிலந்திப்பேனுக்கான மருந்தே வேண்டும். ஒரே ஒரு செடி என்றால் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. இதழ்மேல் மஞ்சள் மகரந்தம் கொட்டிக் கிடந்தால் இலைப்பேன். பூவெல்லாம் கிள்ளிவிட்டுத்தான் வைத்தியம் தொடங்க வேண்டும். புதிதாக வரும் எந்தச் செடியையும் ஒரு மாதமாவது மற்றவற்றிலிருந்து தள்ளியே வைக்கிறேன்.

இலைக்கன்றுகள் இப்போது 5 சென்டிமீட்டர் தொட்டிகளில் நிற்கின்றன. பதியம் போட்டதிலிருந்து பூக்க எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். தாய்ச்செடியில் கீழ்வட்டத்தில் இரண்டு இலை கழிந்து, அரை சென்டிமீட்டர் தண்டு தெரிகிறது. இனிக் கலவை மாற்றுவதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறேன். அடி வேரில் அதே அளவு சீவி, அதே தொட்டியில் இறக்கி, புதுக் கலவை போட்டால் போதும்.